ஆறு பேர் படுக்கும் படகு

"டாக்டர், அது நல்ல பலகை, அத விட்ருங்க—"

"எது நல்ல பலகை? ஊசி முழுசா உள்ள போகுது பாருங்க மேஸ்திரி—"

"நீங்க குத்துற குத்துல என் தொடைக்குள்ளகூடத்தான் போகும்—"

"சொத்தை. சொத்தைன்னா பிடுங்கணும்."

டாக்டர் பிடுங்கியே விட்டார்.

நாற்பது வருஷம் பல் டாக்டராக இருந்தவர். கிளினிக்கை மூடியபோது நாற்காலியை விற்றார், விளக்கை விற்றார். சொத்தைப் பல்லைக் குத்திப் பார்க்கும் அந்த வளைந்த ஊசியை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். வந்தவர் இருபத்து நாலு அடிப் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கினார். துறைமுக ஓரத்துத் தகரக் கொட்டகையில், மரக்கட்டைகள்மேல் அது உட்கார்ந்திருந்தது. வெளியே பழுதில்லை. உள்ளேதான் எல்லாம் ஊறிப்போய், ஈரக் காலுறை வாடை.

"ஆறு பேர் படுக்கணும்" என்று தச்சு மேஸ்திரியிடம் முதல் நாளே சொல்லியிருந்தார். மகன், மருமகள், மகள், மாப்பிள்ளை, பேத்தி, அவர். "மாசக் கடைசியில எல்லாரும் வர்றாங்க."

"ஆறு பேரா? அப்ப மூச்சு விடுறத முறை போட்டுக்கணும் டாக்டர்."

இப்போது படகின் மூக்குப் பக்கத்து இரண்டு படுக்கைகளும் போயின. பலகை இருந்த இடத்தில் ஒரு பொந்து. தச்சரின் பென்சில் அதில் விழுந்து, படகின் அடிவயிற்றில் எங்கோ உருண்டது.

"மாப்பிள்ளைக்குச் சொல்லிடறேன்" என்று டாக்டர் போனை எடுத்தார். "மாப்பிள்ளை, தப்பா நினைக்காதீங்க... உங்களுக்கு இடம் இல்லைன்னா சொன்னேன்? படுக்கத்தான் இடம் இல்லை... மாப்பிள்ளை? மாப்பிள்ளை?"

போனைப் பையில் போட்டார். "கோவிச்சுக்கிட்டார். இனிமே பொண்ணும் வர மாட்டா."

"மாப்பிள்ளைன்னா அப்படித்தான்" என்ற தச்சர், தன் போனை எடுத்துக் காதில் வைத்தார். "சொல்லும்மா. ஆறு மணிக்கெல்லாம் வந்துடறேன். சரி, சூடா வெச்சிரு."

"மணியே அடிக்கலையே மேஸ்திரி?"

"சத்தமில்லாம வெச்சிருக்கேன். ஒரு நாளைக்கு இருபது தடவ கூப்பிடுவா. ஒவ்வொண்ணுக்கும் அடிச்சா, நான் ஒரு ஆணியாவது நேரா இறக்க முடியுமா?"

அன்று ஆறு மணிக்கு வீடு போகவேண்டியவர், ஏழு மணிக்கும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். மதியத்துக்குக் கடை ரொட்டிதான். வீட்டுச் சாப்பாடு வழியில் ஆறிவிடுமாம்.

மூக்குப் பக்கம் காலியானதும் நடுத் தளம் ஆடியது. ஆட்டத்தை நிறுத்த ஒரு தூண் நட்டார்கள். தூண் வலது படுக்கைக்கு நட்ட நடுவில் வந்து நின்றது.

"மருமக வளைஞ்சு படுத்துக்கட்டுமே" என்றார் டாக்டர்.

"வளைஞ்சு படுத்தா தலை அடுப்புல இருக்கும்."

அடுப்பை இடது பக்கம் மாற்றினார்கள். அப்போதும் தூணைச் சுற்றிப் படுக்க முடியவில்லை; வலது படுக்கையோடு இடது படுக்கையும் போயிற்று. அடுப்புக்குத் தண்ணீர் வேண்டுமே என்று பின்பக்கம் ஒரு தொட்டி வைத்தார்கள். அங்கிருந்த இரண்டில் ஒன்று போயிற்று. ஒவ்வொரு படுக்கைக்கும் டாக்டர் போனை எடுத்தார். மகனைச் சமாதானம் செய்தார். மருமகளிடம் மன்னிப்புக் கேட்டார். "அப்பா அம்மா இல்லாம நீ எப்படிடா கண்ணு வருவ? பெரியவளானதும் வா" என்று பேத்தியிடம் சொன்னவர், போனைப் பையில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். தச்சர் பார்க்காததுபோல் ரம்பத்தைத் துடைத்தார்.

"உங்க பாடு தேவலை டாக்டர். பேச இத்தனை பேர்."

"உங்களுக்கு ஒருத்தர்னாலும் இருபது தடவ."

கொட்டகை வாட்ச்மேனைக் கேலி செய்வதில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை. அவர் மனைவியிடம் பேச வேண்டுமென்றால் கொட்டகையை விட்டு இறங்கி, ரோட்டுக்கே போய்விடுவார்.

"பெண்டாட்டிகிட்ட பேச இவ்வளவு ரகசியமா?" என்பார் தச்சர்.

"புதுசா கல்யாணம் ஆனவன்னு நினைப்பு" என்பார் டாக்டர்.

மாசக் கடைசி வந்தது. மிஞ்சியது ஒரே ஒரு படுக்கை. அதைத் தச்சர் மூன்று நாள் இழைத்திருந்தார். கன்னத்தை வைக்கலாம், அவ்வளவு வழவழப்பு.

"முடிஞ்சுது டாக்டர்."

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. நாளையிலேர்ந்து நான் வர வேண்டியதில்லை."

டாக்டர் அதில் படுத்துப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை அளவு கச்சிதம். பிறகு எழுந்து சட்டைப் பையிலிருந்து ஊசியை எடுத்தார்.

"மேஸ்திரி, இங்க மெத்துன்னு இருக்கு."

படகிலேயே கெட்டியான மரம் அது. போன வாரம் தச்சரே போட்டது. குத்தியதில் ஊசிமுனைதான் மழுங்கியது. தச்சர் குனிந்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். வெகுநேரம் அழுத்தினார்.

"ஆமா டாக்டர். சொத்தைதான்."

"பிடுங்கணுமா?"

"வேர் வரைக்கும் போயிருக்கும். ஒரு மாசமாவது ஆகும்."

"ஒரு மாசமா? வீட்டுல சொல்லணுமே."

"நானும் சொல்லணும்."

இருவரும் போனை எடுத்தார்கள். ஆளுக்கு ஒரு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள்.

"இன்னும் ஒரு மாசம் ஆகுமாம், உங்க அண்ணன்கிட்ட நீயே சொல்லிடும்மா—"

"இன்னிக்கும் லேட்டுதான், நீ சாப்பிட்டுப் படு, எனக்கு மூடி வெச்சிரு—"

"கோவிச்சுக்காத, இந்தத் தடவ ஆறு பேருக்கும் இடம்—"

"சரிம்மா, சரி, பார்த்துத்தான் வருவேன்—"

கொட்டகையைப் பூட்ட வந்த வாட்ச்மேன், ஏணியில் ஏறி, படகின் வாசலில் தலையை நீட்டினார். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாதென்று சாவிக்கொத்தைச் சத்தமில்லாமல் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். இருவரும் பேசி முடித்துப் போனைப் பையில் போட்டபின் கேட்டார்:

"உங்க ரெண்டு பேருக்கு மட்டும் எப்படி சார் லைன் கிடைக்குது? இந்தத் தகரக் கொட்டகைக்குள்ள எந்தப் போனும் வேலை செய்யாதுன்னுதானே, நான் ஒவ்வொரு தடவையும் ரோட்டுக்குப் போய்ப் பேசறேன்?"