மருமகனோடு ஒரே படகில்

தண்டர் பே,
செப்டம்பர் கடைசி ஞாயிறு.

என் மரியாதைக்குரிய லெம்பி அக்காவுக்கு,

உன் தம்பி ஆர்வோ பணிவோடும் வீங்கிய நெற்றியோடும் எழுதுவது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? சட்பரியில் குளிர் தொடங்கிவிட்டதா? இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் 'எல்லாரும்' என்று எழுத இந்த வீட்டில் இப்போது நான் ஒருத்தன்தான் இருக்கிறேன்.

போன கடிதத்தில் நீ எழுதியிருந்தாய்: "சைமா போய்விட்டாள் என்பதற்காக மருமகனை விட்டுவிடாதே, ரென்ஸோவுக்கும் உன்னை விட்டால் யாரும் இல்லை." அக்கா, நீ சொன்னதற்காக அவனோடு ஐந்து நாள் ஒரே படகில் இருந்துவிட்டு வந்திருக்கிறேன். இனிமேல் அந்தப் பேச்சை எடுக்காதே. ஏன் என்று சொல்கிறேன், முழுசாகப் படி.

இந்தப் பயணத்துக்குப் பதிவு செய்தது சைமாதான், போன குளிர்காலத்தில், மூன்று பேருக்கும் சேர்த்து. அப்பாவும் புருஷனும் ஒரு வாரம் ஏரியில் கிடந்தால் சண்டை ஓய்ந்துவிடும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. ஏப்ரலில் அவளே கண்ணை மூடிவிட்டாள். நான் அதை மறந்தே போயிருந்தேன். ஒரு நாள் இவன் வாசலில் வந்து நின்று, "மாமா, நான் போறேன். நீங்க வரலன்னாலும் போறேன்" என்கிறான். இவனுக்கு நீந்தத் தெரியாது, அக்கா! பேக்கரியில் மாவு பிசைகிறவன், குளியல் தொட்டியைத் தாண்டி ஆழம் பார்த்தவன் இல்லை. இவனைத் தனியாக அனுப்பிவிட்டு நான் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடிக்க முடியுமா? கிளம்பினேன்.

எங்களைக் கூட்டிக்கொண்டு போனவள் டோரீன் என்று ஒரு ஒஜிப்வே பழங்குடிப் பெண்பிள்ளை. ஐம்பது வயது இருக்கும், பேச்சு குறைவு. அவள் தனிப் படகில் முன்னால் போனாள், நானும் இவனும் ஒரு படகில் பின்னால். படகில் ஏறுவதற்கு முன்பே சண்டை வந்துவிட்டது. எங்கள் மூட்டைகள் போக இன்னொரு மூட்டையை இவன் தூக்கிக்கொண்டு வருகிறான். உடம்புக்கு வருவதற்கு முன்பே சைமா தனக்காகக் கட்டி வைத்திருந்தது. "அதுல அவ துணிதானே இருக்கு, யாருக்குடா அது? வண்டியிலயே வை"ன்னேன். "அவளுக்கும் இடம் போட்டிருக்கு மாமா, அவ மூட்டையாவது வரட்டும்"னான். படகு நடுவில், அவள் உட்கார வேண்டிய இடத்தில், அந்த மூட்டை உட்கார்ந்தது.

ஒரு ஏரி முடிந்தால் படகைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு காட்டுக்குள் நடந்து அடுத்த ஏரிக்குப் போகணும், உனக்குத் தெரியும். இவன் முன்னால் தூக்க, நான் பின்னால் தூக்க, இவன் காளானைப் பார்த்தால் நிற்கிறான், மூஸ் மானின் கால்தடத்தைப் பார்த்தால் நிற்கிறான், சொல்லாமல் நிற்கிறான், படகு என் மண்டையில் இடிக்கிறது. சாப்பாட்டில் வேறு சண்டை. நான் பிடித்த அருமையான பிக்கரல் மீனில் பூண்டைப் போட்டுக் கொன்றுவிட்டான். "மீனுக்கு உப்பு போதும்டா"ன்னா, "உங்க ஊட்ல உப்பே அதிகம் மாமா"ங்கிறான். டோரீன் மட்டும் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் கத்துற கத்துல இந்த வாரம் கரடி எதுவும் கிட்ட வராது"ன்னா.

மூணாம் நாள் மத்தியானம் காற்று எழும்பியது. "இடது பக்கம் போடு"ன்னு நான் கத்துறேன், இவன் திரும்பி "எது இடது? உங்களுக்கா எனக்கா?"ன்னு துடுப்பை வீசுறான், அது நேரா என் நெத்தியில. நான் சாய, அவனும் அதே பக்கம் என்னைப் பிடிக்க வர, அவ்வளவுதான், படகு கவிழ்ந்தது. அந்தத் தண்ணி என்னா குளிரு! மிதவைச் சட்டை இருந்தும் இவன் முங்கி முங்கி எழுந்திரிக்கிறான், ரெண்டு கையாலயும் சைமா மூட்டையைக் கட்டிப் பிடிச்சிருக்கான். "பையை விடுடா மடையா, என் கையைப் பிடி!" "விட மாட்டேன் மாமா!" "செத்துத் தொலையாதடா!" "விட மாட்டேன்!" கடைசியில நான் அவன் காலரைப் பிடிக்க, டோரீன் வந்து எங்க ரெண்டு பேரையும் மூட்டையோட கரைக்கு இழுத்துட்டுப் போனா.

எங்கள் துணி எல்லாம் நனைந்து சொட்டியது. சைமா மட்டும் துணியைப் பிளாஸ்டிக்கில் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தாள், ஒரு சொட்டு இறங்கவில்லை. டோரீன் நெருப்பை மூட்டிவிட்டு, "ஒடம்பு சில்லிட்டுப் போனா அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது. வெக்கத்தை அப்புறமா பாத்துக்கலாம், அந்தத் துணியை எடுத்துப் போட்டுக்கங்க"ன்னு திரும்பிக்கொண்டாள். சைமாவின் நீல ஸ்வெட்டரை எடுத்துத் தலையை நுழைத்தேன் அக்கா. உள்ளே அவள் சோப்பு வாசனை. தலையை வெளியே எடுக்கத் தோன்றவில்லை, அப்படியே நின்றுவிட்டேன். "மாட்டிக்கிச்சா பெரியவரே?" என்று டோரீன் கேட்டாள். "ஆமாம்மா, கொஞ்சம் இறுக்கம்" என்றேன்.

வெளியே வந்து பார்த்தால் ரென்ஸோ அவளுடைய பூப்போட்ட இரவு உடையில் நிற்கிறான், முழங்காலோடு நின்றுவிட்டது, தலையில் குஞ்சம் வைத்த கம்பளிக் குல்லாய். அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளைப் புதைத்த பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். "மாமா, அவ மட்டும் நம்மளைப் பாத்தா சிரிச்சே செத்திருப்பா"ன்னான்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. டோரீன் ஏற்கெனவே கழுவின பானையை எடுத்துக்கொண்டு மறுபடியும் கழுவ ஏரிக்குப் போய்விட்டாள். இவன் குல்லாயை முகத்தில் இழுத்துக்கொண்டு அழுதான். நம்ம வீட்டு ஆம்பளைகளுக்கு இதற்கெல்லாம் என்ன செய்வது என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அவன் கையில் காப்பிக் குவளையைத் திணித்தேன்.

"ஆஸ்பத்திரில அவ கேட்டா மாமா, நீயும் அப்பாவும் பேசிக்கிறீங்களான்னு. பேசறோம்னு பொய் சொல்லிட்டேன்."

"என்கிட்டயும் கேட்டா. நானும் அதையேதான்டா சொன்னேன்."

நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான், அக்கா.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்ளாதே. மறுநாளே அவள் சட்டைகளை மடிப்பதில் சண்டை, வீடு திரும்பும் வழி முழுக்க ஜன்னலைத் திறப்பதில் சண்டை. இறக்கிவிடும்போது, வின்ட்சரில் அவன் சித்தப்பா மகன் பேக்கரியில் வேலை கிடைத்திருக்கிறது, ஒன்றாம் தேதி போகிறேன் என்றான். நல்லது என்றேன். நல்லதுதான். அவள் இருந்தவரை அவன் எனக்கு மருமகன், இப்போது அவன் யாரோ, நான் யாரோ. இதோடு முடிந்தது. நீயும் இனி அவனைப் பற்றி எழுதாதே.

உன் முழங்கால் வலி குறையவும், உன் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கவும் ஆண்டவரை வேண்டும்,
உன் தம்பி
ஆர்வோ

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன், போகிறவனுக்கு மீன் சூப் கொடுத்துவிட்டு வரலாமே என்று போனேன். காலி வீட்டில் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து டப்பாவிலிருந்து கரண்டியால் எதையோ தின்றுகொண்டிருக்கிறான். "எங்க வீட்டு மாடி ரூம் சும்மாதான்டா கிடக்கு. ஜன்னல்ல காத்து வருது, அதை மட்டும் நீ அடைச்சுக்கணும்"ன்னேன். "எத்தனை நாளைக்கு மாமா?"ன்னான். "ஜன்னலை அடைச்சு முடிக்கிற வரைக்கும்"ன்னேன். இப்போது மாடியில் சுத்தியல் சத்தம் கேட்கிறது. அவன் ஆணி அடிக்கிற லட்சணம் உனக்குத் தெரியும், இந்த ஜென்மத்தில் அந்த வேலை முடியாது.