ஆறாம் பிரிவு போர்டு

மதிப்புக்குரிய மதினி பெர்னடீன் அவர்களுக்கு,

டோலன் கிரீக்கிலிருந்து லம்பெர்ட் எழுதிக்கொள்வது. இங்கே நானும் கடை அடுப்பும் சுகம். செவ்வாய்க்கிழமை என்னிடம் கோபித்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்த உங்கள் தங்கை லோரீனும் சுகம் என்று நம்புகிறேன். அவள் என்ன சொன்னாளோ தெரியாது. நடந்ததை நான் சொல்கிறேன், கேட்டுவிட்டு அவளை அனுப்பி வையுங்கள். அவள் இல்லாமல் கடையில் கொலாச்சி பன்னுக்குப் பிசைந்த மாவு பொங்க மாட்டேன் என்கிறது, எனக்கும் சோறு இறங்கவில்லை.

கைத்துப்பாக்கியை வெளியே தெரிய இடுப்பில் மாட்டிக்கொண்டு நடமாடலாம் என்று நம் டெக்சாஸ் சட்டசபையில் மசோதா வந்ததே, அன்றிலிருந்து அதை விடாமல் கவனித்தவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான். கீழவையில் ஒரு மாதிரி இருந்தது, மேலவைக்குப் போனதும் வேறு மாதிரி ஆனது, அப்புறம் பழையபடியே ஆனது என்று நினைக்கிறேன், ஒவ்வொரு திருத்தத்தையும் அச்செடுத்துக் கோப்பில் போட்டேன், கோப்பு தடிக்கத் தடிக்க எனக்குப் புரிந்தது குறைந்துகொண்டே வந்தது. ஜனவரியில் சட்டம் அமலானதும் லோரீன் சொன்னாள்: "அவனவன் இடுப்புல தொங்கவிட்டுக்கிட்டு என் கடையில காப்பி குடிக்கக் கூடாது. போர்டு மாட்டிடு, லம்பெர்ட்."

போர்டு எழுதுகிறவர், "துப்பாக்கித் தடைக்குச் சட்டத்துல ரெண்டு போர்டு இருக்கு, ஆறாம் பிரிவா, ஏழாம் பிரிவா?" என்றார். ஆறுதானே முதலில் வருகிறது என்று ஆறு என்றேன். ஒவ்வொரு எழுத்தும் ஓர் அங்குல உயரம் இருக்க வேண்டும், இங்கிலீஷ், ஸ்பானிஷ் இரண்டிலும் இருக்க வேண்டும் என்பது விதி. மாட்டியதும் கண்ணாடி முழுக்க மறைந்து, கடை திறந்திருக்கிறதா என்பதே வெளியே தெரியவில்லை.

முதலில் டப் ஹாட்ச்சர் வந்தான். சர்ச்சில் காணிக்கைத் தட்டு ஏந்துகிற டப்தான். போர்டை மேலிருந்து கீழ்வரை படித்தான், ஸ்பானிஷையும் விடவில்லை. பிறகு சட்டையைத் தூக்கிக் கால்சட்டைக்குள் சொருகினான். பார்த்தால், இடுப்பில் துப்பாக்கி.

"என்னடா டப் இது?"

"ஒளிச்சு வெச்சுக்கிட்டு வரக்கூடாதுன்னு நீதானே போட்டிருக்க. வெளிய தெரிஞ்சா பரவாயில்லையாம். நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஆளுப்பா."

பின்னால் வந்தவர்களும் அப்படியே. வருஷக்கணக்காகச் சட்டைக்குள் இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. பாட்டுக்குழுவில் பாடுகிற ஓடெல்கூடக் கணுக்காலில் கட்டியிருந்ததை அவிழ்த்து இடுப்புக்கு மாற்றினான். அப்போதுதான் லோரீன் ஆப்ரிகாட் கொலாச்சித் தட்டோடு வந்தாள். வாசலில் நின்று போர்டைப் படித்தாள். தட்டைப் பெஞ்சில் வைத்தாள்.

"தப்பான போர்டு. வருஷம் பூரா படிச்சு இதுதான் தெரிஞ்சுதா உனக்கு? இது இருக்கிற வரைக்கும் நான் உள்ள கால் வைக்க மாட்டேன்."

கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வண்டியேறிவிட்டாள்.

ஆளில்லாத ரோட்டிலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிறவள் அவள், துப்பாக்கி என்றாலே ஆகாதவள், இத்தனையையும் ஒரே இடத்தில் பார்த்து மனசு விட்டுப்போய்விட்டாள், நான் என்ன செய்யட்டும், ஆறைக் கழற்றினால் ஒளித்துக்கொண்டு வருவார்கள், விட்டால் காட்டிக்கொண்டு வருவார்கள், காட்டிக்கொண்டு வருவதை மட்டும் தடுக்கிற ஏழாம் பிரிவு போர்டும் வாங்கி வைத்திருக்கிறேன், இரண்டையும் மாட்ட இடமில்லை. ஒரு துப்பாக்கியையும் இனிக் கடைக்குள் விடமாட்டேன், இது சத்தியம் என்று அவளிடம் சொல்லுங்கள்.

சகலைக்கு என் விசாரிப்பு, பிள்ளைகளுக்கு ஆசி. கர்த்தர் இரண்டு வீட்டையும் காப்பாராக, லோரீன் என் வீட்டில் இருக்கும்படியாக.

இப்படிக்கு,
லம்பெர்ட் கூபாலா

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது தபால் வந்தது. மாநில அரசிலிருந்து லோரீன் பேருக்கு ஓர் உறை. கடை விஷயம் என்று பிரித்துவிட்டேன். கைத்துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொள்ள உரிமம், நான்காவது தடவையாகப் புதுப்பித்திருக்கிறார்கள். அந்தக் கைப்பையை நான் ஒருநாளும் திறந்ததில்லை, மதினி. ஊரையெல்லாம் உள்ளே விட்ட போர்டு அவள் ஒருத்தியைத்தான் வெளியே நிறுத்தியிருக்கிறது. மேலே செய்த சத்தியத்தை அவளிடம் சொல்ல வேண்டாம். ஆறைக் கழற்றி ஏழாம் பிரிவு போர்டை மாட்டிவிட்டேன். கைப்பையோடேயே வரச் சொல்லுங்கள். இத்தனை வருஷத்தில் அவளிடம் நான் குரல் உயர்த்திய நாட்களை நினைத்துப் பார்க்கிறேன்.