முதல் பக்கத்துச் செய்தியும் அப்பாவின் குடலும்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

கோவை கணபதியிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவி வெ. அக்ஷிதா பணிவுடன் எழுதுவது. தாங்களும் தங்கள் அச்சகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் நாளிதழால் எங்கள் வீட்டில் நடந்தவற்றை உள்ளது உள்ளபடி எழுதப்போகிறேன். கழிவறை சம்பந்தப்பட்ட விஷயங்களும் இடையில் வரும். உண்மை என்பதால் அவற்றை விட முடியவில்லை.

'வலி மாத்திரை குடல் புற்றுநோயைத் தடுக்கும்' என்று முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்கள். என் அப்பா வெங்கடபதி மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். தாத்தா குடல் புற்றுநோயில் இறந்ததால் எங்கள் வீட்டில் அந்தப் பெயரையே யாரும் சொல்வதில்லை, 'அந்த நோவு' என்றுதான் சொல்வோம். ஒருமுறை பரிசோதனை செய்துகொள்ளும்படி அம்மா எவ்வளவோ கெஞ்சியும் போகாத அப்பா, தங்கள் தலைப்பைக் கத்தரித்துப் பட்டறைச் சுவரில் ஒட்டிவிட்டு, மூட்டு வலிக்கு எப்போதாவது போடும் மாத்திரையைத் தினமும் போட ஆரம்பித்தார். அட்டையிலிருந்து பிதுக்கி ஒரு நட்டு டப்பாவில் கொட்டி வைத்துக்கொண்டு கடலை மாதிரி வாயில் எறிவார். மீதிச் செய்தி ஏழாம் பக்கத்தில் இருந்தது. சில ஆய்வுகளில்தான் அப்படித் தெரிகிறது, டாக்டரைக் கேட்காமல் தினமும் போட்டால் வயிறு புண்ணாகி ரத்தம் கசியலாம் என்று அங்கே பொடி எழுத்தில் இருந்ததை உரக்க வாசித்துக் காட்டினேன். "முக்கியமானதைத்தானே அம்மணி மொதப் பக்கத்துல போடுவாங்க?" என்றார்.

சில வாரம் கழித்து ஒரு காலையில் கழிவறையிலிருந்து வெளிறிய முகத்தோடு வந்தார். "அம்மணி, உன் சயின்ஸ் புக்குல கருப்பாப் போறதைப் பத்தி ஏதாச்சும் போட்டிருக்குதா?"

"எதுப்பா கருப்பாப் போகுது?"

"ஒண்ணுமில்ல, நீ படி."

வயிற்றில் ரத்தம் கசிந்தால் கருப்பாகப் போகும் என்பது நினைவுக்கு வர, நான் அம்மாவிடம் ஓடினேன். அன்றே அவரை டாக்டரம்மா ரிஃபத்திடம் இழுத்துப் போனோம். பட்டறைச் சத்தத்தில் அப்பாவுக்குக் காது மந்தம் என்பது டாக்டருக்குத் தெரியாது.

"மோஷன் எப்படிப் போகுதுங்க?"

"மோட்டாருங்களா? அருமையா ஓடுதுங்க. இப்பத்தான் காயில் மாத்திக் கட்டுனேன்."

"என்ன கலருங்க?"

"பச்சைங்க."

டாக்டரின் பேனா நின்றுவிட்டது. "ரத்தம் ஏதாச்சும் வருதுங்களா?"

"ரத்தம் எப்படிங்க வரும்? ஆயில்தான் லேசாக் கசியுது."

அம்மா அவர் காதருகே போய், "ஏனுங்க, மோட்டாரு இல்லீங்க! ஆய் போறதைக் கேக்கறாங்க!" என்று கத்தியது வெளியே காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "தார் மாதிரிங்க" என்றார். அதைப் பார்த்தபின் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தாத்தாவின் நோயையும் கேட்டறிந்த டாக்டர், வயிறு, பெருங்குடல் இரண்டையும் குழாய் விட்டுப் பார்க்கச் சொன்னார். பயத்தில் அப்பாவும் சம்மதித்தார். வயிற்றில் புண்ணே இல்லை, ரத்த அளவும் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் ஆச்சரியப்பட்டார். ஆனால் பெருங்குடலில் மரு போல ஒரு சின்ன வளர்ச்சி இருந்தது. அங்கேயே எடுத்துவிட்டார்கள். சோதித்ததில் அது புற்றுநோய் இல்லை, விட்டிருந்தால் ஆகியிருக்கலாமாம். "காயில் கருகறதுக்கு முந்தியே புடிச்சுப்போட்டாங்க!" என்று அப்பா இப்போது பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். "நீயும் ஒருக்காக் காட்டிப்போட்டு வா" என்று உதவியாளர் செங்கோடன் மாமாவையும் விரட்டுகிறார்.

ஆகையால், அப்பாவின் வயிற்றைக் கெடுத்த தாங்கள் இனி இத்தகைய செய்தியை ஒரே பக்கத்தில் முழுவதுமாகப் போட வேண்டுகிறேன். தங்கள் அச்சு இயந்திரம் பழுதின்றி ஓட வாழ்த்துகிறேன். பழுதானால் அப்பா இருக்கிறார்.

தங்கள் உண்மையுள்ள வாசகி,
வெ. அக்ஷிதா

பின்குறிப்பு: வயிற்றைக் கெடுத்ததாக எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். இதைப் படித்துவிட்டு அம்மா சிரித்தார். நான் ஏழாம் பக்கத்தை வாசித்த அன்றே டப்பாவிலிருந்த வலி மாத்திரைகளைக் கொட்டிவிட்டு, தான் சாப்பிடாமல் வைத்திருந்த இரும்புச்சத்து மாத்திரைகளை அதில் நிரப்பிவிட்டாராம். இரண்டும் சிவப்பு. இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் கருப்பாகத்தான் போகுமாம்; அன்று டாக்டர் அறையில் சுவரொட்டியைப் படித்துத் தெரிந்துகொண்டாராம். "அப்பவே ஏம்மா சொல்லல?" என்றேன். "சொல்லியிருந்தா உங்கப்பா குழாய் விட்டுப் பாக்க ஒத்துக்கிட்டிருப்பாரா கண்ணு? டாக்டரம்மாகிட்ட நாளைக்குச் சொல்லிக்கறேன். நீ தூங்கு" என்று சொல்லி விளக்கை அணைத்துவிட்டார்.