கூடத்தில் பதினெட்டு நிமிஷப் புகை

பெண்டாட்டியை வரவழைக்க வீட்டுக்குத் தீ வைப்பது என்று புகைக்காரர் முடிவெடுத்தது ஒரு திங்கட்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது. முழு வீட்டுக்கும் இல்லை. அவ்வளவு தைரியசாலி என்றால் போனில் 'வா' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்க மாட்டாரா?

புகைக்காரர் என்பது தெரு வைத்த பேர். தீப்பிடித்த வீடுகளைத் துடைத்து, கழுவி, கரியும் நாற்றமும் போக்கிப் பழையபடி ஆக்கித் தருவது அவர் தொழில். எரிந்தது எண்ணெயா பிளாஸ்டிக்கா என்று வாசலில் நின்று மூக்கை உறிஞ்சியே சொல்லிவிடுவார். சாப்பிட உட்கார்ந்தால் அன்றைய வீட்டின் கதையை ஒன்று விடாமல் அளப்பார். மனைவி தட்டைப் பார்த்தபடியே "உம்" கொட்டுவாள்.

அந்த "உம்" இல்லாமல் இன்றோடு முப்பத்தொன்பது நாள். அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன், பத்தே நாளில் வந்துவிடுகிறேன் என்று போனவள். அக்கா இப்போது மாடிப்படி ஏறி இறங்குகிறாளாம். இவள்தான் வந்தபாடில்லை. தினமும் போன் போட்டு, சர்க்கரை டப்பா எங்கே, போர்வை எங்கே என்று கேட்பார்.

"வேற ஒண்ணும் இல்லையே?" என்பாள்.

"வேற என்ன? ஒண்ணுமில்ல."

வைத்துவிட்டு, அவள் தலையணையைத் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வார். ஏங்கிப் போய்விட்டார் மனுஷர், சும்மா சொல்லக்கூடாது. கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்திடம்கூடக் கதை சொல்லிப் பார்த்தார். அது "உம்" கொட்டுமா என்ன?

ஆகவே, புகை. ஜன்னல்களைச் சாத்தினார். சோபாவுக்குப் பிளாஸ்டிக் உறை போர்த்தினார். கூடத்து நடுவில் ஓட்டை வாணலியை வைத்து, எண்ணெயில் நனைத்த கந்தல் துணியைக் கொளுத்தப் போனவர், நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். படத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் கரி படிய விட அவருக்கு மனசு வரவில்லை. கழற்றிப் படுக்கையறையில் பத்திரமாக வைத்துவிட்டு வந்தார். பிறகு பதினெட்டு நிமிஷம், கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் புகை போட்டார். தீயை அணைத்து, உறையைச் சுருட்டி ஒளித்து, படத்தைத் திரும்ப மாட்டி, கண்ணாடிமேல் விரலால் கொஞ்சம் கரி தடவினார். என்ன ஒரு வேலைப்பாடு! நாலு பேரைக் கூட்டிவந்து காட்டலாம் போலிருந்தது.

உடனே அவளுக்குப் போன் போட்டார். "வீட்டுல தீப்பிடிச்சுடுச்சு! கூடம் பூரா கரி! உடனே கிளம்பி வா!"

"ஐயையோ! உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"எனக்கென்ன... லேசா இருமல்." இரண்டு தரம் இருமியும் காட்டினார்.

மத்தியானமே வந்து நின்றாள், ஒரே ஒரு கைப்பையோடு. முதலில் அவரைத் தலையிலிருந்து கால்வரை தொட்டுப் பார்த்தாள். அவருக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. பிறகு கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். சோபாவைத் தடவி, கரி ஒட்டாத விரலைப் பார்த்தாள். நேரே போய்ப் படத்தைக் கழற்றினாள்.

பின்னால் சுவர் கன்னங்கரேலென்று இருந்தது.

"படத்துக்குப் பின்னாடி புகை போகாது," என்றாள், அச்சு அசல் அவர் குரலில். "அங்க சுவர் வெளுப்பா இருந்தா நெஜமான தீ. கறுப்பா இருந்தா, எவனோ படத்தை முன்னாடியே கழட்டி வச்சுட்டுக் கொளுத்தியிருக்கான். யார் சொன்னது?"

"நீ... இதெல்லாம் கேட்டுட்டா இருந்த?"

"இருபத்திரண்டு வருஷமா சோத்தோட உங்க கதையைத்தானே தின்னேன்!"

புகைக்காரர் பஞ்சு போன தலையணை மாதிரி சுருங்கிப் போனார்.

"சும்மா வான்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரல. வீட்டைக் கொளுத்த மட்டும் கை வருதா?" என்றவள் கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். "நீங்க சொல்ல மாட்டீங்கன்னு தெரிஞ்சு, நாளைக்குக் காலம்பற இங்க வர்ற பஸ்ஸுக்கு நானே டிக்கெட் எடுத்து வச்சேன்."

ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தால் போதுமே! அவருக்கு அழுகையே வந்துவிட்டது. "வந்துடு," என்றார். "நீ இல்லாம வீடு வீடாவே இல்ல. இனிமே போகாத."

அவள் முகம் ஒரு நொடி இளகியது. கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள்.

"இதைத்தான் முப்பத்தொன்பது நாளா கேக்கணும்னு இருந்தேன். வரேன். ஆனா புகை பட்ட வீட்டுல பத்து நாள் யாரும் படுக்கக்கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றது நீங்கதானே? துடைச்சு, கழுவி, நாத்தம் போனதும் போன் பண்ணுங்க."

"பத்து நாளா!"

"கூரையிலயும் கரி இருக்கு. பதினஞ்சுன்னே வச்சுக்குங்க."

கண்ணாடியைத் துடைத்துப் படத்தை ஒரு துண்டில் சுற்றினாள்.

"அது எதுக்கு?"

"ஏன், எனக்கு மட்டும் ஏக்கம் இருக்காதா? அங்க உங்க முகத்தைப் பாத்துட்டாவது இருக்கேன்."

மூன்று மணி பஸ்ஸில் அவள் போய்விட்டாள். புகைக்காரர் பஞ்சும் வாளியுமாகச் சுவர்முன் நின்றார். காலையில் அவருக்குப் படத்திலாவது ஒரு பெண்டாட்டி இருந்தாள். இப்போது அவளும் பஸ் ஏறிவிட்டாள்.