சைரன் அண்ணன் எண்ணெயைக் கைவிட்ட கதை

கண்ணுங்களா, பாலக்கோடு தக்காளி மண்டியில் ஏலம் கூவுகிற சைரன் அண்ணனின் தொண்டையைப் போல இன்னொன்று இந்தப் பூமியிலேயே கிடையாது. அவர் இங்கே விலை சொன்னால் காரிமங்கலத்தில் காக்கா பறக்கும். பெங்களூரு வியாபாரிக்குப் போன் போட வேண்டாம், ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னால் போதும் என்று டெம்போ ஓட்டுகிற நாங்கள் பேசிக்கொள்வோம். அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

அப்பேர்ப்பட்ட தொண்டையில் ஒரு கட்டி வந்தது. சட்டையின் மேல் பட்டனைப் பூட்ட முடியவில்லை. "இத்தன வருசம் கத்துனதுக்குச் சதை வளந்திருக்குது" என்று எல்லோரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அவர் சம்சாரம்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். ஊசி குத்திச் சோதித்ததில் தைராய்டு புற்றுநோய் என்று வந்தது. கொலஸ்ட்ராலும் ஏறியிருந்தது. ஆபரேஷன் செய்தால் குணமாகிற வகைதான், ஆனால் குரலுக்குப் போகும் நரம்பு கட்டியை ஒட்டியே ஓடுகிறது என்றார் டாக்டரம்மா. அண்ணன் எழுந்து வந்துவிட்டார். குரலை வைத்தே சோறு தின்கிற மனிதர் வேறென்ன செய்வார்?

அந்த வாரமே யாரோ போனில் ஒரு செய்தியைக் காட்டினார்கள். கொலஸ்ட்ராலுக்கும் தைராய்டு புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாமாம். கொழுப்பை இறக்கினால் கட்டி தானாகக் கரைந்துவிடும், கத்தியே வேண்டாம் என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டார். சிரிக்காதீர்கள். பயந்துபோன மனிதர் எதையும் நம்புவார்.

மறுநாளிலிருந்து மண்டிக்கே பத்தியம். டீக்கடையில் போண்டாவை நோக்கி நீளும் கையையெல்லாம் ஏலக் குரலில் பெயர் சொல்லி அதட்டினார். கடைக்காரர் பயந்து ஒவ்வொரு போண்டாவையும் பேப்பரில் வைத்து எண்ணெய் போகப் பிழிந்ததில், அது கடைசியில் தட்டையாகி வடை ஆகிவிட்டது. அண்ணன் களியும் அவித்த கொள்ளும் தின்று, விலை கூவிக்கொண்டே மண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

சில மாதத்தில் கொலஸ்ட்ரால் நிஜமாகவே இறங்கியது. ரிப்போர்ட்டைக் கொடி மாதிரி பிடித்துக்கொண்டு சம்சாரத்தோடு என் டெம்போவில் ஏறினார். டாக்டரம்மா முன்னால் நானும் நின்றேன்.

"இது எறங்கிருச்சுங்களே, கட்டி மட்டும் ஏனுங்க எறங்கல?"

"இதயத்துக்கு நல்லதுதானுங்க செஞ்சிருக்கீங்க. ரெண்டுக்கும் தொடர்பு உண்டான்னு இன்னும் ஆராய்ச்சி பண்ணிட்டுத்தான் இருக்காங்க. சிலர் உண்டுங்கறாங்க, சிலர் இல்லீங்கறாங்க. உண்டுன்னே வெச்சாலும், வந்துட்ட கட்டி எண்ணெயக் கொறச்சாக் கரையாதுங்க. எடுக்கத்தான் வேணும்."

"அப்ப என் கொரலு?" அவர் மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

டாக்டரம்மா வாய் திறக்குமுன் சம்சாரம் சொன்னார். "கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து கத்தித்தான் பேசறீங்க. இனிமே மெதுவாவே பேசுங்க, நான் பக்கத்துல வந்து கேட்டுக்கறேன். ஆளு இருந்தாப் போதும்."

அண்ணன் ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்தார். ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

நல்லபடியாக முடிந்தது. சில வாரம் கழித்து மண்டிக்கு வந்து, தக்காளிப் பெட்டி மேல் ஏறி நின்று விலை சொன்னார். முன்பிருந்ததில் கால்வாசிக் குரல்கூட வரவில்லை. தேறி வர நாளாகுமாம். வியாபாரிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு பேச்சை நிறுத்திவிட்டு, அவர் வாயைப் பார்த்தபடி பெட்டியைச் சுற்றி நெருங்கி நின்றார்கள். அண்ணன் மறுபடி விலை சொன்னார்.

நான் கூட்டத்திலிருந்து விலகித் தனியாக வெளியே போய், வாசலில் உறுமிக்கொண்டிருந்த என் டெம்போவின் எஞ்சினை அணைத்தேன்.