பத்துக்கு இரண்டு பேர் காணாது

எங்கள் ஆட்களால் ஒரு காலிக் கதிரையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. பிறந்தநாளோ அரங்கேற்றமோ, மண்டபத்தில் ஆள் குறைவு என்று தெரிந்தால் போதும். மச்சானுக்குப் போன் அடித்து, மச்சானின் முதலாளிக்கும் அடித்து, கண்மூடித் திறப்பதற்குள் நிரப்பிவிடுவோம். (வந்தவருக்கு யாருடைய விழா என்றே தெரியாது. சாப்பிட்டுவிட்டு, மேடையில் நிற்பவரை வாழ்த்திவிட்டுப் போவார்.) இந்தத் திறமையை வைத்து உலகத்தில் எதையும் நிர்வகிக்கலாம் என்று நான் நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு.

பிராங்பேர்ட்டிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலத் தூரத்தில், ஆற்றங்கரையில் ஒரு சின்ன நகரம். அங்குள்ள யூதச் சபையின் அலுவலகத்தில் எனக்கு நிர்வாகி வேலை கிடைத்தது. மழையைப் பற்றிப் பக்கம் பக்கமாக வசன கவிதை எழுதிக்கொண்டு திரிந்தவளுக்கு அது எப்படிக் கிடைத்தது என்று இன்றுவரை தெரியாது. "சபையை எப்படி நடத்துவீர்கள்?" என்று நேர்முகத்தில் கேட்டார்கள். "திறம்பட" என்றேன். அதற்குமேல் எனக்கே ஒன்றும் தெரியாது. சிரித்தார்கள், எடுத்துவிட்டார்கள்.

அந்தச் சபையின் பெரியவர்களில் அனேகர் சோவியத் நாடு உடைந்தபின் வந்து சேர்ந்தவர்கள். செம்யோன் ஐயாவும் அப்படித்தான். பாலம் கட்டிய எஞ்சினியர். கோபம் வந்தால் மீசை மட்டும் அசையும். அன்று அவருடைய அம்மாவின் நினைவு நாள். இறந்த பெற்றோருக்காகப் பிள்ளை சொல்லும் கடிஷ் என்ற செபத்தை அவர் வாழ்நாளில் சொன்னதேயில்லை. அந்த நாட்டில் அதெல்லாம் வாய்க்கவில்லை. தள்ளாத வயதில், சூப் கொதிக்கும்போதும் பஸ்சுக்கு நிற்கும்போதும் முணுமுணுத்து மனப்பாடம் செய்திருந்தார். ஆனால் பத்து ஆண்கள் கூடினால்தான் அதைச் சொல்லலாம் என்பது முறை. காலையில் ஆள் சேரவில்லை. மிச்சம் மாலைச் செபம்தான். பொழுது பட்டால் அந்த நாள் முடிந்துபோகும்.

"இனி அடுத்த வருஷம். அதுக்கு நான் இருக்கவேணுமே," என்றார். (பேசியது ரஷ்ய வாடை அடிக்கும் ஜெர்மன். என் காதுக்குள் வந்ததும் எல்லோரும் யாழ்ப்பாணத்தார் ஆகிவிடுவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

"என்னை நம்புங்கோ ஐயா. பத்து ஆம்பிளையள் ஒரு பிரச்சினையே?"

மாலையில் ரபியையும் சேர்த்து எட்டுப் பேர். ரபி என்றால் அவர்களின் மதகுரு. எங்கள் ரபி இளம்பிள்ளை, தாடி மட்டும் வயதானது. நான் வெளியே ஓடிப்போய் என் கணவருக்குப் போன் அடித்தேன்.

"இஞ்சருங்கோ, ராசன் அண்ணையையும் கூட்டிக்கொண்டு உடனே வாங்கோ. கோட்டுப் போடுங்கோ."

"ஆருடைய செத்தவீடு?"

"செத்தவீடு இல்லை. வந்து சும்மா நிண்டால் காணும்."

"சாப்பாடு?"

"இருக்கு."

"அப்ப வாறம்."

ராசன் அண்ணை டாக்சி ஓடுபவர். எங்கும் முதலில் வந்து சேர்வார்; அன்றும் என் கணவரை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். கோட்டும் சூட்டும், நெற்றியில் பளிச்சென்று மூன்று குறி விபூதி. அதன்மேல் வாசலில் கொடுத்த வட்டத் தொப்பியை நானே சாத்திவிட்டேன். உலகத்து மதங்களெல்லாம் அவர் தலையில் சமாதானமாகக் குந்தியிருந்தன.

ரபியின் முகம் மலர்ந்தது. "இந்தியாவோ? கொச்சியில பழைய யூதர் இருக்கினம் எண்டு படிச்சனான்!"

"ஓம், ஓம்," என்றார் அண்ணை. ஜெர்மனியில் யார் எதைக் கேட்டாலும் ஓம் என்பது அவருடைய கொள்கை.

"அம்மா யூதரோ?" (அவர்களுக்குத் தாய்வழிதான் கணக்கு.)

அம்மாவைப் பற்றி அண்ணை பொய் சொல்லமாட்டார். "இல்லை இல்லை. அவ ரீச்சர்."

ரபி மெல்ல என் பக்கம் திரும்பினார். "பத்துப்பேரும் யூதரா இருக்கவேணும், தெரியும்தானே?"

தெரியாது. வேலையில் சேர்ந்தபோது தந்த கைநூலில் பத்து ஆண்கள் என்பதுவரை வாசித்துவிட்டு மூடிவைத்த மகராசி நான்! நிலம் பிளந்தால் போகலாம் என்று பார்த்தேன். ஜெர்மன் நிலம், முன் அனுமதி இல்லாமல் பிளக்காது. செம்யோன் ஐயாவின் மீசைகூட அசையவில்லை. யன்னல் கண்ணாடியில் வெயில் கீழே கீழே வழுகிக்கொண்டிருந்தது.

ராசன் அண்ணைதான் முதலில் வாய் திறந்தார். "பிள்ளை, ரெண்டு பேர்தானே காணாது? உங்கட சபை ஆக்கள் இப்ப எங்கை இருப்பினம்?" என்று என்னைக் கேட்டார்.

"ஆத்தங்கரைப் பார்க்கில ரெண்டு பேர் செஸ் விளையாடுவினம். ஆனா கடவுள் இல்லை எண்டு சொல்லுறவை. இஞ்சாலை தலை காட்டாயினம்," என்றேன்.

"யூதர்தானே?" என்று அண்ணை ரபியைக் கேட்டார்.

"அதில சந்தேகம் இல்லை," என்றார் ரபி.

அண்ணையும் என் கணவரும் தொப்பியோடேயே பறந்தார்கள். பார்க்கில் நடந்ததைக் கணவர் பிறகுதான் சொன்னார். ஒருவர், "கடவுளைப் பற்றிப் பேசாதே" என்றாராம். மற்றவர், "ராணி சாகப்போகுது, எழும்ப ஏலாது" என்றாராம். அண்ணை விவாதிக்கவில்லை. காய் ஒன்றும் அசையாமல் பலகையை இரண்டு கையாலும் தூக்கி, சாமி சுமப்பதுபோல நடந்துபோய் டாக்சியின் பின்சீற்றில் வைத்தார். ராணி போன இடத்துக்கு இரண்டு நாத்திகரும் திட்டிக்கொண்டே ஏறினார்கள்.

சபை விறாந்தையில், ஆட்கள் குந்தும் வாங்கில் பலகை இறங்கியது. "எங்களை எண்ணு, செபம் கேக்காதே," என்று சொல்லிக்கொண்டு இருவரும் உள்ளே வந்து கைகட்டி நின்றார்கள். செம்யோன் ஐயா தொடங்கினார். முதல் சொல்லில் குரல் தடக்கியது. இரண்டாவதில் அவர் ஒரு சின்னப் பையன். பிறகு அது ஆற்றைப்போலத் தானாக ஓடியது. இடைக்கிடை எல்லோரும் ஆமேன் என்றார்கள். நாத்திகர்களில் ஒருவர்தான் ஆகச் சத்தமாகச் சொன்னார். (பழக்கதோஷம் என்றார் பிறகு.)

வேலை போகவில்லை. "நிர்வாகம் தெரியாது, ஆனா ஆள்கடத்தல் நல்லா வருது," என்று ரபி சொன்னாராம். நாத்திகர்கள் இப்போது கிழமைக்கு ஒருமுறை விறாந்தையில் விளையாட வருகிறார்கள். ஆள் குறைந்தால் எழும்பி உள்ளே போய் நிற்பார்கள்.

என் வீட்டில்தான் பிரச்சினை. யாராவது போனைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட வராவிட்டால், மகள் கத்துவாள்: "அப்பா, பலகையோடை தூக்குங்கோ!"

இதை எழுதிக்கொண்டிருக்கையில் மூன்றுதரம் கூப்பிட்டார்கள். நான் எழும்பவில்லை. மகள் கத்தினாள். கணவர் வந்து மடிக்கணினியைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு நடந்தார். நான் திட்டிக்கொண்டே பின்னால் போனேன்.

இந்தக் கடைசி வரி புட்டுக்கும் கத்தரிக்காய்க் குழம்புக்கும் நடுவிலிருந்து எழுதப்படுகிறது.