ராகு காலத்தில் வந்த சம்பந்தி

சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். பத்தரை மணிக்கு மேல் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். வரவேற்க வேண்டும். அவ்வளவுதான்.

மனைவி இருந்திருந்தால் அவளே எல்லாம் பேசியிருப்பாள். எனக்குப் பேச வராது. அதனால் இரண்டு நாளாகக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். "வாங்க, வாங்க! இது எங்க வீடு இல்ல, உங்க வீடு!" நடுவில் யாராவது குறுக்கே பேசினால் எனக்கு எல்லாம் மறந்துவிடும். ஆகவே யாரையும் பேச விடக் கூடாது என்றும் முடிவு செய்துகொண்டேன்.

மகள் ரேவதி குண்டு எறியும் வீராங்கனை. நாட்டுக்காக எறிகிறாள். கல்யாணப் பேச்சை எடுத்தாலே, "யாராச்சும் என்னைப் பாக்க வந்தாங்கன்னா பின்வாசல் வழியா ஓடிருவேன்பா" என்பாள். அதனால் அவளிடம் சொல்லவில்லை. கடைசி நிமிடத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

ஒன்பதே காலுக்கே வாசலில் கார் வந்து நின்றது!

ஐம்பது வயது இருக்கும் ஓர் அம்மா, ஓர் ஐயா. கையில் பெரிய பை. தட்டு வரிசையையே கொண்டுவந்துவிட்டார்களோ? ராகு காலத்தில் வருகிறார்களே என்று ஒரு நொடி உறுத்தியது. சிங்கப்பூரில் வேலை செய்கிற மாப்பிள்ளை, இதெல்லாம் பார்க்காத குடும்பம் போல என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

"சார், ரேவதி இருக்காங்களா? நாங்க..."

"வாங்க, வாங்க! இது எங்க வீடு இல்ல, உங்க வீடு!"

"இல்ல சார், நாங்க வந்தது..."

"எல்லாம் தெரியும்! உக்காருங்க!"

அந்த அம்மா கழுத்தில் தொங்கிய அட்டையை நீட்டினார். நான் மூக்குக்கண்ணாடி போட்டிருக்கவில்லை. லீவு நாளிலும் கம்பெனி அட்டையோடு திரிகிறாரே, எவ்வளவு பொறுப்பான குடும்பம்!

"அவங்கள நேர்ல பாக்கணும் சார். உடனே."

என்ன ஆர்வம்! உள்ளே ஓடினேன். ரேவதி சமையலறையில் அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள்.

"கோவிச்சுக்காதம்மா. உன்னைப் பாக்க வந்திருக்காங்க. சேலை கட்டிக்கிட்டு வா."

அடுத்த நொடி முட்டை மட்டும்தான் அங்கே இருந்தது. பின்கதவு ஆடியது. மோட்டார் சைக்கிள் சத்தம் செம்பனைத் தோட்டத்துப் பக்கம் போய் மறைந்தது.

வெட்கப்படுகிறாள் என்று சமாளித்துவிடலாம். சிரித்துக்கொண்டே கூடத்துக்கு வந்தேன்.

"ஓடிட்டா!"

"ஓடிட்டாங்களா?"

"நீங்க வந்திருக்கீங்கன்னு சொன்னேன். ஒரே ஓட்டம்!"

அந்த அம்மா எழுந்து நின்றுவிட்டார். "நாங்க வந்திருக்கோம்னு தெரிஞ்சேவா ஓடினாங்க?"

"பின்ன? போன வருசமும் இப்படித்தான். வந்தவங்களப் பாத்ததும் பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டுக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்கிட்டா!"

ஐயா பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். சம்பந்தி கவிஞர் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"சார், இப்பவாச்சும் என்னைப் பேச விடுங்க," என்றார் அந்த அம்மா. "நாங்க ஊக்கமருந்துப் பரிசோதனை அதிகாரிங்க. தினமும் ஒரு மணி நேரம் எங்க இருப்பாங்கன்னு உங்க மக எங்களுக்குச் சொல்லி வெக்கணும். இன்னிக்கு ஒன்பதுலேர்ந்து பத்து வரைக்கும் வீட்டுலன்னு சொல்லியிருக்காங்க. ஆள் இல்லாமப் போனா அது வேற. ஒரு வருசத்துல மூணு தடவை ஆனாத்தான் தண்டனை. சோதனைன்னு தெரிஞ்சே ஓடினா ஒரு தடவையே போதும். நாலு வருசம் வரைக்கும் தடை."

நாற்காலியில் உட்கார்ந்ததாகத்தான் நினைத்தேன். தரையில் இருந்தேன்.

நாலு வருசம்! என் மகள் அதுவரை எதைத் தூக்கி எறிவாள்? என்னைத்தான்!

"அலமாக், ஐயையோ! அவ சோதனைக்குப் பயந்து ஓடலைங்க. கல்யாணத்துக்குப் பயந்து ஓடினா!"

"தப்பிக்க உதவி பண்றவங்களுக்கும் தடை உண்டு," என்றார் ஐயா. அவர் வாய் திறந்தது அப்போதுதான்.

"எனக்கா? நான் ஆடுறது கோப்பிக்கடையில காய் நகத்துற டாம் ஆட்டம் மட்டும்தாங்க!"

மணி ஒன்பதரை. ரேவதிக்கு ஃபோன் போட்டேன்.

"திரும்பி வாம்மா! வந்தவங்க பொண்ணு பாக்க வரல. மூத்திரம் வாங்க வந்திருக்காங்க!"

எதிர்வீட்டு அஞ்சலை துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டு எங்கள் வீட்டையே பார்த்தார்.

"என்னை வரவைக்க இப்படியெல்லாமா பொய் சொல்வீங்க?" என்றாள் ரேவதி.

"சத்தியமா லா!"

"போன வருசமும் சத்தியம் பண்ணீங்க."

அந்த அம்மா ஃபோனை வாங்கினார். "ரேவதி, நான் பரிசோதனை அதிகாரி பேசுறேன்."

"வணக்கம் அத்தை. நடிப்பு நல்லா இருக்கு."

அந்த அம்மா ஒரு பெருமூச்சு விட்டார். "சரிம்மா. நம்பினா நம்பு. ஒண்ணே ஒண்ணு சொல்றேன். வர்ற வழியில ஒண்ணுக்கு மட்டும் போயிராத."

உலகத்தில் எந்த மாமியாரும் வருங்கால மருமகளிடம் சொல்லியிருக்க முடியாத பேச்சு அது!

"ஐயோ அக்கா! வந்துட்டேன்!"

பத்து அடிப்பதற்குள் உடம்பெல்லாம் செம்மண்ணோடு வந்து நின்றாள். எனக்கு உயிர் வந்தது. அவள் சொன்ன முதல் வார்த்தையில் மறுபடியும் போனது.

"அக்கா, தோட்டத்துலயே போயிட்டேன்."

இனிமேல் வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டுமாம். அதுவரை அவள் அந்த அம்மாவின் கண் பார்வையை விட்டு நகரவும் கூடாதாம். ரேவதி தண்ணீர் குடித்தாள். நடந்தாள். பின்னாலேயே அந்த அம்மாவும் நடந்தார்.

பத்தரைக்கு உண்மையான மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அப்பா, அம்மா, மாப்பிள்ளை. நான் வாயைத் திறந்தேன். ஒத்திகை பார்த்த ஒரு வரி கூட வரவில்லை.

"உக்காருங்க. இன்னும் வரல," என்றேன்.

"யாரு, பொண்ணா?"

"பொண்ணு வந்துட்டா."

அந்த நேரம் பார்த்து ரேவதி கூடத்தைக் கடந்து குளியலறைக்குப் போனாள். அதிகாரி அம்மாவும் கூடவே உள்ளே போனார். இருவரும் வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள்.

"அவங்க யாரு? ஏன் கூடவே உள்ள போறாங்க?" என்றார் மாப்பிள்ளையின் தாயார்.

ரேவதியே விளக்கிச் சொன்னாள். ஒளிக்காமல், மறைக்காமல், எவ்வளவு மில்லிலிட்டர் வேண்டும் என்பது வரைக்கும். தாயார் கையிலிருந்த கேசரித் தட்டைக் கீழே வைத்தார்.

"தர்பூசணி வாங்கிட்டு வரட்டுமா? சீக்கிரம் வரும்," என்றார் மாப்பிள்ளை. அவருடைய அப்பா அவர் தொடையைக் கிள்ளினார்.

மூன்றாம் தடவை கதவு மூடியபோது கூடத்தில் யாரும் மூச்சு விடவில்லை. ரேவதி புட்டியோடு வெளியே வந்தாள்.

"போதும்," என்றார் அந்த அம்மா.

மாப்பிள்ளை கைதட்டிவிட்டார்! நானும் தட்டினேன். ஐயாவும் தட்டிவிட்டு, உடனே பேனாவை எடுத்துக்கொண்டார்.

போகும்போது அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நாங்க யாருன்னே தெரியாம ஓடினது தப்பிச்சு ஓடினதா ஆகாது சார். தடைக்கு வேலையில்ல. நீங்கதான் எங்களச் சொல்லவே விடலையே."

இரண்டு கூட்டத்தின் பதிலுக்கும் காத்திருந்தோம். பரிசோதனைக்காரர்களிடமிருந்து வந்துவிட்டது, பெண்ணிடம் ஒரு குறையும் இல்லையாம். மாப்பிள்ளை வீட்டில்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.